எதிரே உட்கார்ந்திருப்பவரையே பேசச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை எங்கள் குழுவில் உரக்க வாசித்து விவாதித்தோம். ஓய்வு பெற்றோர் குழுக்கள் வாரம் ஒருமுறை கூடி, அறிஞர்களையும் மருத்துவர்களையும் அழைத்துச் சொற்பொழிவு நடத்தலாம் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. வாரந்தோறும் கூட வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. பேசுவதற்கு வெளியாளைத்தான் தேட வேண்டும் என்பதில் உடன்பாடு இல்லை. பேச வேண்டியவர்கள் ஏற்கெனவே அந்த அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அதிகாரிகள் பேசப் பேச எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைத்தே என் பணிக்காலம் கழிந்தது. ஒரு கூட்டத்தில் யார் காது கொடுக்கிறார்கள், யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பது பென்சில் பிடித்தவளுக்குத் தெரியாமல் போகாது. எங்கள் குழுவில் வாரப் பேச்சுக்கு ஆள் பிடிப்பதும் குறிப்பெடுப்பதும் என் பொறுப்பு. அந்தக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பெயர்பெற்ற பேச்சாளர் வந்த நாள்களில் பேச்சு முடிந்த கையோடு என் குறிப்பும் முடிந்துவிடுகிறது. அதன் கீழே 'நன்றியுரை' என்று ஒரு வரி. எங்களில் ஒருவர் பேசிய நாள்களில், பேச்சைவிடக் கேள்வி பதில்தான் அதிகப் பக்கங்களைப் பிடித்திருக்கிறது.

லிஃப்ட் பழுதுபார்ப்பவராக வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு இருக்கிறார். எப்போதும் கடைசி வரிசைதான். பேசச் சொல்லிக் கேட்டபோது, "எனக்கு என்னம்மா தெரியும்? நாலு பேர் முன்னால நின்னு பேசிப் பழக்கமே இல்லையே" என்றார். "சொற்பொழிவெல்லாம் வேண்டாங்கய்யா. லிஃப்ட் ஏன் அறுந்து விழறதில்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். 

அந்த வாரம் ஒரு சின்னக் கப்பி, ஒரு முழக் கயிறு, இரண்டு தகர டப்பாக்களோடு வந்தார். கயிற்றின் ஒரு முனையில் கட்டிய டப்பா நாம் ஏறுகிற பெட்டி. மறுமுனையில் கட்டியது எதிர்எடை. வெறும் பெட்டியின் எடையோடு, அது தாங்கும் முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து எதிர்எடையை வைப்பார்கள் என்றார். பெட்டியில் பாதி அளவுக்கு ஆள் ஏறினால் இரு பக்கமும் சமமாகிவிடும், மோட்டார் அதிகம் திணற வேண்டியதில்லை. பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "பெட்டிக்குள்ள ஆளே இல்லை. பிரேக்கும் பிடிக்கலைன்னு வைச்சுக்குங்க. பெட்டி எந்தப் பக்கம் போகும்?" அறை மொத்தமும் "கீழே" என்றது. அவர் பிடித்திருந்த கையை விட்டார். காலி டப்பா விறுவிறுவென்று மேலே ஏறிக் கப்பியில் முட்டி நின்றது. சற்று நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் ஒரே சமயத்தில் எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

பெட்டியைத் தாங்குவது ஒரு வடம் அல்ல, பல எஃகு வடங்கள் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. வேகம் அளவு மீறினால் அதை உணர்ந்து, பெட்டியின் அடியிலுள்ள தாடைகளை இருபுறத் தண்டவாளங்களையும் கவ்வ வைக்கும் கருவி ஒன்று உண்டு என்பதும் தெரிந்தது. 1854-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில் எலைஷா ஓடிஸ் என்பவர் தானே ஒரு தூக்கு மேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை எல்லார் கண் முன்னாலும் வெட்டச் சொன்ன கதையையும் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. வானளாவிய கட்டடங்களுக்கு அங்கிருந்துதான் வழி பிறந்தது.

மூட்டுவலி இருந்தும் லிஃப்ட் பயத்தால் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "நடுவுல நின்னுட்டா மூச்சு முட்டாதா?" முட்டாது, பெட்டியில் காற்றோட்டத்துக்கு இடைவெளிகள் உண்டு என்றார் அவர். மணியை அழுத்திவிட்டு உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும் பெட்டியிலிருந்து கதவைப் பிளந்துகொண்டு வெளியே குதிப்பதுதான் ஆபத்து. பெட்டிக்கும் தரைக்கும் இடையிலுள்ள திறப்பு வழியாகக் கீழே, லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் விழ நேரும். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. பணியில் அப்படி எதையோ பார்த்திருப்பார் போலிருக்கிறது. யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் பொறியாளரை அழைத்திருந்தால் இதே தகவல்கள் கிடைத்திருக்கும். ஆனால் அந்த அம்மா வாய் திறந்திருக்க மாட்டார். தெரிந்த முகம், அடுத்த வாரமும் பக்கத்தில் உட்காரப்போகிறவர் என்பதால்தான் பயத்தை வெளியே சொன்னார். இது ஒரு பக்கம். மறுபக்கம், பேசியவருக்குக் கிடைத்தது. வேலையை விட்டு வந்த பிறகு அவருடைய கைத்திறனைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. இப்போது அவர் உட்காருவது இரண்டாம் வரிசையில்.

இந்த யோசனை என்னுடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1962-இலேயே நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தில், ஓய்வு பெற்றவர்கள் தாங்களே பாடம் வகுத்துத் தாங்களே நடத்திக்கொள்ளும் அமைப்பு ஒன்று தொடங்கியது. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியேர் வெல்லாஸ், முதியோருக்காகப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டார். 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று பெயர். படிக்கிற பருவம், சம்பாதிக்கிற பருவம் இரண்டையும் கடந்து வருவது மூன்றாவது. துலூஸில் பேராசிரியர்கள் பேசினார்கள், முதியவர்கள் கேட்டார்கள். அந்த யோசனை 1982-இல் பிரிட்டனுக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூவரும் அதை வேறு விதமாக அமைத்தார்கள். பேராசிரியர் தேவையில்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை, சேர்வதற்குப் படிப்புத் தகுதியும் இல்லை. உறுப்பினர்களே கற்பிப்பார்கள், உறுப்பினர்களே கற்பார்கள். இன்று கற்பிப்பவர் நாளை மாணவர். 1984-இல் அது மெல்போர்னிலும் தொடங்கியது. இரண்டு முறைகளுமே இன்றும் உலகில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் அருகில் இருந்து, அது மனம்வைத்து இடம் கொடுத்தால் முதல் முறை நடக்கும். இரண்டாவதற்கு ஓர் அறையும் நாற்காலிகளும் இருந்தால் போதும். சின்னக் குழுக்கள் பிழைக்க வழி அதுதான் என்பது என் துணிபு.

படிப்புத் தகுதி தேவையில்லை என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓய்வு பெற்றோர் குழு என்றால் வகித்த பதவியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அலுவலகத்துக்கே போகாமல் வீட்டை நடத்திய பெண்கள் அங்கே 'இன்னாரின் மனைவி' என்றுதான் வருகிறார்கள். எங்கள் குழுவில் அப்படிக் கணவரோடு துணைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி நன்றாகத் தைப்பார். துணி வெட்டுவதைப் பற்றிப் பேசச் சொன்னோம். ஒரு கைக்குட்டையை நீளவாக்கில் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார், கொடுக்கவில்லை. அதையே மூலைக்கு மூலை பிடித்து இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டது. நீளவாக்கில் இழுக்கும்போது விசையை நூலே தாங்குகிறது. மூலைக்கு மூலை, அதாவது குறுக்காக, இழுக்கும்போது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஓடும் நூல்கள் (பாவும் ஊடும்) சேர்ந்த குட்டிக் குட்டிச் சதுரங்கள் சாய்சதுரங்களாக நசுங்கி இடம் கொடுக்கின்றன. கழுத்துப் பட்டிக்குத் துணியைக் குறுக்கே வெட்டுவது இதனால்தான், இல்லையென்றால் வளைவில் சுருங்கி நிற்கும் என்றார். பாரிஸில் 1920-களில் மதலேன் வியோனே என்ற பெண் இந்தக் குறுக்கு வெட்டை வைத்தே உடலோடு ஒட்டி இறங்கும் ஆடைகளைச் செய்து புகழ்பெற்றார் என்பதை, எங்கள் குழுவில் வாசிப்புப் பழக்கம் உள்ள இன்னொருவர் சேர்த்துச் சொன்னார்.

அப்போது முன்வரிசையிலிருந்த, பாலம் கட்டும் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் எழுந்துவிட்டார். "அம்மா, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கி, பக்கத்தில் இருந்தவரை இரண்டு மூலைகளைப் பிடிக்கச் சொல்லி விளக்க ஆரம்பித்தார். நான்கு கம்பிகளை ஆணியடித்துச் சதுரமாக்கினால் தள்ளியதும் சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக ஒரு கம்பி போட்டால் இரண்டு முக்கோணங்களாகி அசையாது. இரும்புப் பாலங்களில் குறுக்குக் கம்பிகள் தெரிவது அதற்காகத்தான். துணிக்குள் அப்படி மூலைவிட்டமாக ஓடும் நூல் இல்லை, அதனால் நீள்கிறது. தையல் தெரிந்தவரும் பாலம் தெரிந்தவரும் ஒரே கைக்குட்டையின் இரு பக்கத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா கேட்டார்: "அப்போ நான் குறுக்கே வெட்டினதை நீளாம இருக்க ஓரத்துல ஒரு நாடா வைச்சுத் தைப்பேனே, அதுவும் உங்க குறுக்குக் கம்பியும் ஒரே வேலைதானா?" பொறியாளர் சற்று யோசித்து, "ஆமாம்மா, அந்தத் திசையில நீளாமப் பிடிச்சு வைக்குது, அதே வேலைதான்" என்றார். எந்தச் சிறப்புப் பேச்சாளராலும் இந்த உரையாடலை எங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது.

நானும் ஒரு வாரம் பேசினேன், சுருக்கெழுத்தைப் பற்றி. 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட முறையில் ஒரே சாய்கோட்டை மெல்லியதாகப் போட்டால் ஓர் ஒலி, அழுத்திப் போட்டால் அதன் இணையொலி. பணியில் கை தானாகப் போட்ட கோடுகள் அவை. பேச்சுக்குத் தயாரானபோதுதான், வாயில் ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகளுக்கு அவர் ஒரே வடிவம் கொடுத்திருக்கிறார் என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியர் எழுத்துகளின் பிறப்பிடம் பற்றி நம் இலக்கணம் சொல்வதை எடுத்து வைக்க, பேச்சு அன்று இருட்டும்வரை போனது. பிறருக்குச் சொல்வதற்காக ஒன்றைத் தேடிப் படிக்கும்போதுதான் அது நமக்கே முழுதாகப் பிடிபடுகிறது.

மறதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பேச மறுப்பதற்கு அதையே காரணம் காட்டுகிறார்கள். வயதாக ஆகப் பெயர்கள் சட்டென்று நாக்கில் வராது. பொருள் தெரியும், சொல் வராது. லிஃப்ட்காரருக்கும் அந்த வேகக் கருவியின் பெயர் வரவில்லை. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: பேசுபவர் தேடும்போது யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவரே கேட்டால் ஒழிய. காத்திருப்போம். அவர் கையால் சுழற்றிக் காட்டிவிட்டு மேலே போனார், பேச்சின் கடைசியில் "கவர்னர்!" என்று பெயர் வந்தது. வேகம் குறைகிறதே தவிர, சேர்த்துவைத்த சொல்வளமும் அனுபவ அறிவும் முதுமையில் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. அவசரப்படுத்தாத கூட்டம் கிடைத்தால் போதும்.

கேட்டதை மறக்காமல் இருக்க நாங்கள் செய்வது எளிமையானது. ஒவ்வொரு வாரமும் புதிய பேச்சுக்கு முன், குறிப்பேட்டைத் திறக்காமல், போன வாரம் கேட்டதை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். படித்தது எவ்வளவு விரைவில் கரைந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பாடத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நினைவு நன்றாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். அவர்கள் சோதித்தது இளைஞர்களை. எங்கள் வயதிலும் இது கைகொடுப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது காதைப் பற்றி. நன்றாக வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று நின்றுபோனால், ஆர்வம் விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. முதுமையில் முதலில் நழுவுவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். க, ச, த, ப போன்ற வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுபவை அவையே. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை, அவை காதில் விழும். ஆகவே கடை, சடை, தடை, படை நான்கும் ஒன்றாகவே கேட்கும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்பார்கள். அவர்களிடம் கத்திப் பேசினால் உயிரொலிதான் பெரிதாகும், வல்லினம் தெளியாது. நிதானமாக, முகத்தில் வெளிச்சம் விழ நின்று பேச வேண்டும். உதட்டசைவு பாதியைச் சொல்லிவிடும். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் பேச்சாளரின் முகம் இருட்டாகத்தான் தெரியும். 'எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்' என்று எந்தப் பேச்சாளரும் சொல்லக் கூடாது; மைக் அவருக்காக வைத்தது அல்ல. பின்வரிசையில் எழும் கேள்வியைத் தலைவர் மைக்கில் ஒருமுறை திரும்பச் சொன்ன பிறகே பதில் வர வேண்டும். வசதியுள்ள கூடங்களில் சுற்றிலும் கம்பிச்சுருள் பதித்து, மைக்கில் பேசுவதை, 'டெலிகாயில்' என்ற சிறு கம்பிச்சுருள் பொருத்திய காதுக் கருவிக்கு நேரே அனுப்ப முடியும். எங்களிடம் அது இல்லை. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போட்டோம், அவ்வளவுதான். நின்றுபோயிருந்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, முதுமை மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைதலும் மனிதத் தொடர்பு அற்றுப்போதலும் இரண்டுமே அதில் இருக்கின்றன. வாரம் ஒரு பேச்சு கேட்டால் அந்த நோய் அண்டாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, சான்றும் இல்லை. காது கேளாதவர் கூட்டத்தை விட்டு விலகுகிறார், விலகியவர் தனியாகிறார் என்ற சங்கிலியை ஒரு நாற்காலியை நகர்த்தி அறுக்க முடியும் என்றால், அதைச் செய்யாமல் இருப்பது தவறு என்கிறேன்.

வெளியார் வரவே கூடாது என்பது என் கட்சி அல்ல. மருத்துவரை அழைக்கிறோம். ஆனால் அவர் வருவதற்கு முந்தைய வாரமே, பெயர் எழுதாத துண்டுத்தாளில் கேள்விகளை வாங்கி அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். நாக்கு கூசும் கேள்விகள் தாளில் வந்துவிடுகின்றன. அவரும் பொதுவான அறிவுரையை விட்டுவிட்டு எங்களுக்குத் தேவையானதைப் பேசுகிறார். இன்னொரு வகை வெளியாரைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். 'விழிப்புணர்வு உரை' என்று வந்து, முடிவில் பையிலிருந்து விண்ணப்பப் படிவங்களை எடுப்பவர்கள். ஒருமுறை எங்களிடமும் முதலீட்டுத் திட்டம் ஒன்றை விற்க அப்படி ஒருவர் வந்தார். கணவரை இழந்து சில மாதங்களே ஆன ஓர் உறுப்பினர் அங்கேயே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து, "அக்கா, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டுப் போடுங்க" என்றதால் தப்பினார். ஓய்வூதியமும் சேமிப்பும் கையில் வைத்திருப்பவர்கள் ஒரே அறையில் கூடுகிறார்கள் என்பது அத்தகையவர்களுக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் அறையில் விற்பனை இல்லை, படிவம் இல்லை, உறுப்பினர் தொலைபேசி எண்களை யாருக்கும் தருவதும் இல்லை. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஓய்வு பெற்றோர் குழுக்களின் வாரப் பேச்சுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்: தலைப்பு, நேரம், இடம், யாரும் வரலாம் என்ற குறிப்பு. தன் வேலையைப் பற்றிப் பேச வந்தவருக்கு அச்சில் தலைப்பைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஊக்கம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, பகல் வேளையில் ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் நூலக அறைகளையும் பள்ளி, சமுதாயக் கூடங்களையும் வாரத்தில் ஒரு பிற்பகல் இக்குழுக்களுக்குத் தரலாம் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள். மாடியில் உள்ள அறை வேண்டாம். தரைத்தளத்தில், கழிப்பறை அருகில் இருக்கும் அறையாகப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

கட்டுரையாளருக்கும் எங்கள் அழைப்பைத் தெரிவியுங்கள். அடுத்து, வானிலை நிலையத்தில் பணியாற்றியவர் ஒருவர் பேசுகிறார். உலகெங்கும் உள்ள நிலையங்கள் நாளுக்கு இருமுறை, ஒரே நேரத்தில், கருவி கட்டிய பலூன்களை வானில் விடுகின்றனவாம். மேலே போகப் போகப் பருத்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் அவை வெடித்துவிடும். எதற்காக ஒரே நேரத்தில் என்று கேட்டேன்; அன்றைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்றுவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தர் ஒருவர்